கம்பனி லோகோ, பனர், போஸ்ட் எல்லாவற்றையும் ஊழியர்கள் தாங்களே எடுத்துப் பாவிக்கிற மாதிரி ஒரே இடத்தில் வைப்பது எப்படி?

கேள்வியைப் பார்த்ததும் முதலில் சிரிப்பு வந்தது, பிறகு வயிறு எரிந்தது. "ஒவ்வொருவரும் வட்ஸ்அப்பில் லோகோ கேட்டே உயிரை எடுக்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் நீங்களும் என்னைப் போல ஒரு கம்பனிக்கு இருக்கிற ஒரேயொரு டிசைன்காரர்தான், பிரிண்டர் பழுதானாலும் உங்களைத்தான் கூப்பிடுவார்கள்.

நான் கிளிநொச்சியில் விவசாயப் பொருட்கள் விற்கிற ஒரு கம்பனியில் இருக்கிறேன். விதைநெல், பசளை, மருந்தடிக்கிற மெசின், தண்ணீர் மோட்டர். மாங்குளம், புதுக்குடியிருப்பு, நெடுங்கேணி, வவுனியா என்று கிளைகள், எல்லாமாக 31 பேர். இதற்கென்றே பெரிய மென்பொருட்கள் இருக்கும்போது கூகுள் டிரைவில் போட்டு வைப்பதெல்லாம் ஒரு முறையா என்று யாராவது கீழே வந்து கேட்பீர்கள். கேளுங்கள். மாதாமாதம் டொலரில் கட்டுகிற காசை எங்கள் முதலாளியிடம் வாங்கித் தந்துவிட்டுக் கேளுங்கள்.

முதல் தடவை நானும் பெரிதாகத்தான் செய்தேன். 40 போல்டர், 300க்கு மேல் பைல். லோகோ மட்டும் 11 விதம்: நிறத்தில், கறுப்பில், வெள்ளையில், படுக்கையாக, நிமிர்ந்து, பின்னணி இல்லாமல். ஒரு மாதம் இரவிரவாக இருந்து அடுக்கி லிங்கை அனுப்பினால், மாங்குளம் கிளை முகாமையாளர் அண்ணை போன் எடுத்து, "தம்பி, உந்தப் போல்டருக்குள்ள போனா வெளிய வர வழி தெரியேல்லை, நீர் வட்ஸ்அப்பிலயே அனுப்பிவிடுமன்" என்றார். எனக்குக் கோபம். அவருக்கு விளங்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

பிறகு வந்தது வற்றாப்பளை அம்மன் வைகாசிப் பொங்கல். வன்னி முழுக்க அந்தப் பக்கம் திரளும் என்பது தெரியும்தானே, எங்கள் கிளை ஒன்று வீதியோரம் தாகசாந்தி போட்டது. 12 அடிக்கு 4 அடி பனர். முதல்நாள் இரவு பொடியன் ஒருவன் என்னைக் கூப்பிட்டிருக்கிறான், நான் ஒரு கலியாண வீட்டில், போன் சைலன்டில். அவன் போல்டரைத் திறந்து 11 லோகோவையும் பார்த்துக் குழம்பி, கடைசியில் எங்கள் பேஸ்புக் பக்கத்தின் புரொபைல் படத்தை எடுத்து, பனரில் போடவேண்டிய வசனத்தையும் போனில் தட்டி அச்சகத்துக்கு அனுப்பிவிட்டான்.

விடிய அதைப் போய்ப் பார்த்தேன். 640 புள்ளி அகலமான படத்தை 3 அடிக்கு இழுத்தால் ஒரு அங்குலத்துக்கு 18 புள்ளிகூட வராது, நெற்கதிர் சதுரம் சதுரமாக உடைந்து லெகோ கட்டி மாதிரி நின்றது. சுற்றிவர வெள்ளைப் பெட்டி வேறு. அதைக்கூடப் பொறுக்கலாம். 'வேளாண்மை' என்று வரவேண்டிய இடத்தில் 'வளோண்மை'!

இது ஏன் நடக்கிறது என்று தெரிந்து வைத்திருங்கள், உங்களுக்கும் நடக்கும். போனில் நாங்கள் தட்டுவது யுனிகோட், எல்லாப் போனிலும் கணினியிலும் பொதுவான எழுத்து முறை. அச்சகங்கள் பல இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டுகின்றன, அங்கே இருக்கிற பழைய போட்டோஷொப்புக்கு யுனிகோட் தமிழின் கொம்புகளை இடம் மாற்றத் தெரியாது. வ-வுக்கு முன்னால் நிற்கவேண்டிய இரட்டைக்கொம்பு பின்னால் போய்விட்டது, அதற்கடுத்து ளா இருந்ததால் அது ளோ ஆகிவிட்டது. மை-யின் கொம்பும் அப்படியே ம-வுக்குப் பின்னால் போனது, அதை இங்கே தட்டிக் காட்ட முடியாது. சர்பத் குடிக்க வந்த ஒரு ஐயா நின்று எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, "வளோண்மை எண்டா என்ன தம்பி, புதுப் பசளையோ?" என்று கேட்டார்.

பொடியனைப் பேசினார்கள். உண்மையில் பிழை என்னில்தான், முழுக்க இல்லாவிட்டாலும் முக்கால்வாசி. இரவு எட்டு மணிக்கு அவசரத்தில் நிற்கிறவன் முன்னால் 11 லோகோவை வைத்தால் அவன் என்ன செய்வான்?

பொங்கல் முடிந்தபிறகு மூன்று மாத வட்ஸ்அப்பை மேலே இழுத்து, யார் என்ன கேட்டார்கள் என்று கொப்பியில் எழுதினேன். சுற்றிச் சுற்றி ஐந்தே சாமான். பனருக்கு லோகோ, விலைப்பட்டியல், 'புதுச் சரக்கு வந்துவிட்டது' போஸ்ட், கடிதத்தலைப்பு, 'இன்று கிளை பூட்டு' அறிவித்தல். கடைசிச் சாமான் என் 300 பைலுக்குள் இருக்கவேயில்லை. அதைத்தான் அதிகமாகக் கேட்டிருந்தார்கள்.

இப்போது இருப்பது 24 பைல், 5 போல்டர். போல்டரின் பெயர் 'இலச்சினை வகைகள்' இல்லை, '1 பனர் அடிக்க', '2 பேஸ்புக்கில் போட', '3 கடை பூட்டு' என்று அவர்கள் கேட்கிற வாயிலேயே வைத்தேன். பனர் போல்டரில் ஒரேயொரு லோகோ, வெக்டர் பிடிஎஃப் (எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாதது), எழுத்தெல்லாம் கேர்வ் ஆக்கியது, அதாவது எழுத்தை வெறும் வடிவமாக மாற்றியது, அதனால் எந்த அச்சகத்தில் எந்தக் கணினியில் திறந்தாலும் கொம்பு ஓடாது. பச்சை நிறத்தின் சிஎம்வைகே இலக்கங்களை (அச்சில் நான்கு மையையும் கலக்கிற அளவு) அதற்குள்ளேயே ஒரு மூலையில் எழுதிவிட்டேன், திரையில் தெரிகிற பச்சையைப் பார்த்து அடித்தால் பிளெக்ஸில் அது செத்துப்போய் வரும்.

மாற்றி எழுதவேண்டியவை எல்லாம் கூகுள் ஸ்லைட்ஸில். பகிர்கிற லிங்கின் கடைசியில் 'எடிட்' என்று தொடங்குகிற துண்டை அழித்துவிட்டு 'கொப்பி' என்று ஆங்கிலத்தில் போட்டால், திறக்கிறவருக்குத் தனிப் பிரதி வரும், மூலத்தில் கை வைக்க முடியாது. எல்லாருக்கும் பார்க்கிற அனுமதி மட்டும்தான். லோகோ மாறினால் புதுப் பைல் போடாதீர்கள், அதே பைலுக்குப் புதுப் பதிப்பாக ஏற்றுங்கள், லிங்க் மாறாது. எழுத்துருவுக்கு நோட்டோ என்பதைப் பாவிக்கிறேன், தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் ஒரே சாயலில் இலவசமாகக் கிடைக்கும். வவுனியாக் கிளைக்கு மூன்றும் தேவை. முழுப் போல்டர்களுக்குமான லிங்கை ஒரு கியூஆர் ஆக்கி, ஒவ்வொரு கிளையிலும் கலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டியாயிற்று.

முழுக்க நின்றுவிட்டதா என்றால் இல்லை, மாங்குளம் அண்ணை இன்னும் வட்ஸ்அப்பில்தான் கேட்கிறார். நான் பைலை அனுப்புவதில்லை, லிங்கைத்தான் அனுப்புகிறேன். படமாக அனுப்பினால் வட்ஸ்அப் அதை நசித்துவிடும், நாளைக்கு அந்த நசிந்ததுதான் பனரில் ஏறும்.

இதோடு சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லவேண்டும். டிசைன் தெரியும் என்றால் ஊரில் செத்த வீட்டுக்கெல்லாம் நாங்கள்தான் இலவசக் கடை. இரவு 11 மணிக்கு ஒரு கலியாணக் குரூப் போட்டோ வரும், "பின்வரிசையில மூண்டாவது ஆள், கோட் சூட் போட்டுவிடும், விடியக் காலமை கண்ணீர் அஞ்சலி பனர் கட்டோணும்." செத்தவரை வைத்துக் காசு கேட்க வாய் வருமா? பிளெக்ஸ் அடிக்கிறவருக்கு அடி கணக்கில் காசு கொடுக்கிறார்கள். அவருக்கும் அது அதே செத்த வீடுதானே.

சரி, உங்கள் கம்பனியில் எத்தனை பேர் என்று சொன்னால் ஸ்லைட்ஸ் மாதிரி ஒன்றைப் பகிர்கிறேன். அந்த வளோண்மைப் பனர் இன்னும் வீணாகவில்லை. போன மாரியில் பண்டகசாலைக் கூரை ஒழுகியபோது விதைநெல் மூட்டைக்கு மேலே விரித்தோம், எழுத்து வெளிப்பக்கம்.