சக்கிமுக்கித் துப்பாக்கியின் தீத்துளைக்குத் தனி உறை எதற்கு?

சக்கிமுக்கித் துப்பாக்கியில் கல் உரசித் தெறிக்கும் பொறி முதலில் வெளிக்கிண்ணத்து வெடிமருந்தைப் பற்றவைக்க, அந்தத் தீ குழலின் பக்கச்சுவரிலுள்ள சிறு துளை (தீத்துளை) வழியே உள்மருந்தை எட்டுகிறது. திரும்பத் திரும்பச் சுடும்போது அத்துளை அரித்து அகன்றுவிடும் என்பதால், நடுவில் துளையிட்ட சிறு உலோகத் திருகு ஒன்றை அங்கே மரையிட்டுப் பொருத்துகிறார்கள். அதுவே தீத்துளை உறை. அக்கால இங்கிலாந்துக் கைவினைஞர்கள் தங்கத்திலும் பிளாட்டினத்திலும்கூட இதைச் செய்தார்கள். இன்று பெரும்பாலும் துருப்பிடிக்காத எஃகு.

பம்ப் ஸ்டவ்வின் நிப்பிளை நினைத்துக்கொள்ளுங்கள்: ஓட்டை பெருத்துவிட்டால் அதை மட்டும் கழற்றி மாற்றுகிறோம் அல்லவா? உறையின் உட்புறத்தைப் புனல்போல் குடைந்திருப்பதால் உள்மருந்து தீக்கு வெகு அருகில் வந்து நிற்கிறது. உறையின் முனை குழலுக்குள் நீட்டிக்கொண்டிருந்தால் துடைக்கும் கோல் அதில் சிக்கும்.

துளை வழக்கமாக ஏறத்தாழ 1.6 மில்லிமீட்டர், அதை அகலமாக்க ஆக்க வேகமாக வெடிக்கும் என்பது தவறு, அளவு மீறினால் அழுத்தம் பக்கவாட்டில் பீறிட்டு வீணாவதோடு அருகில் நிற்பவரையும் சுடும்.