வாசகர் கேள்வி – பதில்: பழைய மோரிஸ் மைனரைப் பிரிப்பதற்கு முன்

கேள்வி: ஐயா, என் மாமனார் டாக்ஸியாக ஓட்டிய மோரிஸ் மைனர் ஒன்று, அவர் காலமான பிறகு பல ஆண்டுகளாக எங்கள் வீட்டுப் பின்புறத் தகரக் கொட்டகையில் நிற்கிறது. முன்கண்ணாடி நடுவில் பிரிக்கப்படாமல் ஒரே கண்ணாடியாக இருக்கிறது. பெயிண்ட் மங்கியிருக்கிறதே தவிர ஓட்டை எதுவும் கண்ணில் படவில்லை. விடுமுறை நாட்களில் நானே பழுதுபார்த்து ஓட்ட ஆசைப்படுகிறேன். முதலில் எஞ்சினைக் கிளப்பிப் பார்க்கலாமா?
— வாசகர், மஹேபூர், மொரிஷியஸ்

பதில்: எஞ்சினை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். முன்கண்ணாடியை வைத்துப் பார்த்தால், தங்கள் வண்டி 1956க்குப் பிறகு வந்த மைனர் 1000 ஆகத்தான் இருக்க வேண்டும். 1962 வரை அதில் 948 சிசி எஞ்சினும் அதன் பின்பு 1098 சிசி எஞ்சினும் வந்தன. இரண்டும் எளிய அமைப்புடையவை. உதிரிப் பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. முழுவதும் கெட்டுப்போனால்கூட வேறொன்றை வாங்கிப் பொருத்திவிடலாம். ஆனால் மைனருக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. தரை, கதவுகளுக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் அடிப்பெட்டி, எஞ்சின் பக்கம் முன்னோக்கி நீளும் முன்புறக் கால்கள், குறுக்குப் பாலம் ஆகிய எல்லாத் தகடுகளும் ஒன்றோடொன்று வெல்டிங் செய்யப்பட்டு வண்டியின் பாரத்தைத் தாங்குகின்றன. ஆகவே அந்தக் கூடு நிற்குமா என்பதுதான் முதல் கேள்வி. அதற்கு விடை தெரியும்வரை ஒரு சாமானும் வாங்க வேண்டாம்.

வெளித்தகட்டில் ஓட்டை தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மஹேபூரில் தென்கிழக்குக் காற்று கடலின் உப்பை ஆண்டு முழுவதும் கொண்டுவந்து சேர்க்கும் இடத்தில், துரு பெரும்பாலும் உள்ளிருந்தே தொடங்கும் என்பதால் அதை ஆறுதலாகக் கொள்ள முடியாது. அதிலும் டாக்ஸியாக ஓடிய வண்டி அதன் ஆயுளில் பலமுறை தோலியேயின் (காரின் தகட்டு வேலை செய்பவரின்) கைக்குப் போய் வந்திருக்கும். ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, சக்கர வளைவுகளின் ஓரத்திலும் கதவுகளின் அடிப்பகுதியிலும் நகர்த்திப் பாருங்கள். காந்தம் பிடிக்காமல் வழுக்கும் இடத்தில் தகட்டுக்குப் பதிலாகப் பட்டிதான் இருக்கிறது.

அடுத்து கதவு இடைவெளிகளைக் கவனியுங்கள். வண்டியின் அடிப்பெட்டிகள் பலமிழந்து நடுப்பகுதி தொய்ந்திருந்தால், கதவின் பின்விளிம்பில் உள்ள இடைவெளி மேலே இறுகியும் கீழே அகன்றும் காணப்படும். இதை வைத்து உடனே முடிவுக்கு வந்துவிடவும் கூடாது. ஏனெனில் கீல் தேய்ந்த கதவும் சரியாகப் பொருந்தாது. கதவைப் பாதி திறந்து அதன் நுனியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். கதவு கையோடு மேலே எழுந்தால் கீல்தான் தேய்ந்திருக்கிறது. அது சிறு வேலை. கதவு அசையாமல், இடைவெளி மட்டும் கோணலாக இருந்தால் கூடு தொய்ந்திருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

பிறகுதான் வண்டிக்கு அடியில் போக வேண்டும். பக்கவாட்டில் ஜாக்கி செருகுவதற்கென்று உள்ள துளைகளை நம்பாதீர்கள். துருப்பிடித்த மைனரில் முதலில் மடிவது அந்த இடம்தான். முன்புறத்தில் சஸ்பென்ஷனின் கீழும் பின்புறத்தில் அச்சின் கீழும் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, உறுதியான ஸ்டாண்டுகளில் நிறுத்திய பின்பே அடியில் படுங்கள்; ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது. ஒரு டார்ச், ஒரு சிறு சுத்தியல், ஒரு பழைய ஸ்க்ரூடிரைவர் போதும். நல்ல தகட்டைத் தட்டினால் கணீரென்று ஒலிக்கும். அரித்த தகடு மொத்தென்று கேட்கும். அங்கே ஸ்க்ரூடிரைவரை அழுத்தினால் துரு செதில் செதிலாக உதிரும். மேலே பூசியிருக்கும் தார்ப்பூச்சு சில இடங்களில் தகடு போன பிறகும் அதன் வடிவத்தைக் காத்துக்கொண்டு நிற்கும் என்பதால், கண்ணால் மட்டும் பார்த்து எழுந்துவிடாதீர்கள்.

முன் இருக்கைகளின் அடியில் செல்லும் குறுக்குப் பாலத்தின் இரு முனைகளையும் பாருங்கள். முன் சஸ்பென்ஷனின் முறுக்குக் கம்பிகள் அந்தப் பாலத்தில்தான் வந்து பூட்டப்படுகின்றன. அது அரித்திருந்தால் முன்சக்கரங்களின் பாரம் துருவின் மீது நிற்கிறது என்று பொருள். பின்புறப் பட்டைவில்லின் இரு முனைகளும் மாட்டப்படும் இடங்களைத் தட்டிப் பாருங்கள். ஓட்டுநரின் காலடித் தரைக்குக் கீழே பிரேக் மாஸ்டர் சிலிண்டர் மறைவாக இருக்கிறது. அதிலிருந்து கசியும் பிரேக் திரவம் பெயிண்டை அரித்துவிடும், அங்கே துரு பிடிக்க வேறொன்றும் தேவையில்லை. அதற்குப் பிறகு முன்சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்தி, டயருக்கு அடியில் ஒரு கடப்பாரையைக் கொடுத்து நெம்புங்கள். சக்கரம் கடகடவென்று மேலும் கீழும் ஆடினால், முன்சக்கரம் இடமும் வலமும் திரும்புவதற்கான, திருகுமரை கொண்ட கிங்பின் மூட்டு தேய்ந்துவிட்டது. ஒழுங்காகக் கிரீஸ் போடப்படாத மைனர்களில் அந்த மரை கழன்று, ஓடும்போதே சக்கரம் மட்கார்டுக்கு அடியில் மடிந்து விழுவது நெடுங்காலமாக அறியப்பட்ட ஆபத்து. அதைச் சரிசெய்யாமல் வண்டியைத் தெருமுனை வரைகூட ஓட்டாதீர்கள்.

இவற்றில் ஒன்றிரண்டு இடங்கள் மட்டும் அரித்திருந்தால் தாராளமாகத் தொடங்கலாம். இங்கிலாந்தில் இந்த வண்டிக்கான தகடுகளை இன்றும் செய்து விற்கிறார்கள். ஆனால் பாரம் தாங்கும் இடங்களின் வெல்டிங்கைத் தேர்ந்த தோலியேயிடம் விடுங்கள். அடிப்பெட்டியை வெட்டுவதற்கு முன்பு கதவு வாசலின் குறுக்கே ஒரு கம்பியைப் பற்றவைத்துக் கூட்டை நிலைநிறுத்தச் சொல்லுங்கள். இரு பக்கத்தையும் ஒரே நேரத்தில் வெட்ட விடாதீர்கள். பாலம், வில் மாட்டும் இடங்கள், முன்கால்கள் மூன்றுமே போய், கதவுகளும் இறுகியிருந்தால், மாமனாரின் நினைவுக்காக அதிலேயே பணத்தையும் வருடங்களையும் போடுவதைவிட, வேறொரு நல்ல கூட்டைத் தேடி, அதற்கு இந்த வண்டியின் பாகங்களைக் கொடுப்பதே அவருக்குச் செய்யும் மரியாதை என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

கேள்வி: எங்கள் மைனரின் எஞ்சின் இறுகிப்போய்ச் சுற்ற மறுக்கிறது. கியரில் போட்டு வேறொரு காரால் இழுத்தால் விடுபட்டுவிடும் என்கிறான் என் தம்பி. செய்யலாமா?
— வாசகர், கியூர்பிப்

பதில்: வேண்டவே வேண்டாம். கியூர்பிப்பின் ஓயாத ஈரத்தில் நின்ற எஞ்சினில், பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரோடு துருவால் ஒட்டியிருக்கலாம், வால்வுகளும் தத்தம் குழலில் சிக்கியிருக்கலாம். இழுத்துச் சுற்றினால் வளையம் உடையும், அல்லது வால்வைத் திறக்க உதவும் கம்பியான புஷ்ராடு வளையும். காப்பாற்றியிருக்கக்கூடிய எஞ்சின் கெட்டுப்போகும்.

நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் மெல்லிய எண்ணெய் சிறிது விட்டுச் சில நாட்கள் ஊற விடுங்கள். பிறகு கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, முன்பக்கத்தில் செருகும் கைப்பிடியால் முன்னும் பின்னும் மெதுவாக அசைத்துப் பாருங்கள். எஞ்சின் சுற்றத் தொடங்கியதும் மேல்மூடியைக் கழற்றி, எட்டு வால்வுகளும் இறங்கித் தாமாகத் திரும்பி எழுகின்றனவா என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும். எழாமல் நிற்கும் வால்வை விடுவிக்கும்வரை மேற்கொண்டு சுற்ற வேண்டாம்.

எல்லாம் அசைந்தால், பிளக்குகள் வெளியே இருக்க, ஆக்சிலேட்டரை முழுவதும் அழுத்திக் கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் எழும் அழுத்தத்தின் அளவு, பாருங்கள். நான்கும் ஏறக்குறைய சமமாக இருக்கிறதா என்பதுதான் முக்கியம். குறைந்த சிலிண்டரில் சிறிது எண்ணெய் விட்டதும் அளவு ஏறினால் வளையம் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் கோளாறு வால்விலோ ஹெட் கேஸ்கட்டிலோ இருக்கலாம். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்திருந்தால் முதல் சந்தேகம் கேஸ்கட்டின் மேல்தான். ஒன்றை மறவாதீர்கள்: இந்த வண்டியில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைக்கப்பட்டிருக்கும். இடையில் யாராவது மாற்றியிருக்கிறார்களா என்று பார்க்காமல் இக்கால வழக்கப்படி இணைத்துவிடக் கூடாது. தொட்டியில் உள்ள பழைய பெட்ரோலை அடியில் உள்ள திருகின் வழியாக முழுவதும் வடித்துவிடுங்கள். பிரேக் டிரம்மைத் திறக்கும்போது உள்ளே இருக்கும் தூசியை வாயாலோ காற்றழுத்தத்தாலோ ஊத வேண்டாம். அக்காலப் பிரேக் ஷூக்களில் கல்நார் கலந்திருந்தது. ஈரத் துணியால் துடைத்து அந்தத் துணியைக் கட்டி எறிந்துவிடுங்கள்.

கேள்வி: போர்ட் லூயிஸில் ஒருவர் புதுப் பெயிண்ட் அடித்த மைனரை விற்கிறார். பெலால் புயலின்போது வண்டி தண்ணீரில் நின்றதாக அக்கம்பக்கத்தார் சொல்கிறார்கள். வாங்கலாமா?
— வாசகர், பெத்தி ரிவியேர்

பதில்: 2024 ஜனவரி 15 அன்று நகரத்தில் வந்த வெள்ளம் கார்களைப் புரட்டித் தள்ளியதை நாம் அனைவரும் பார்த்தோம். வெள்ள நீர் கொண்டுவரும் சேறு, பெயிண்டைப்போல மேற்பூச்சில் மறையாது. இருக்கைகளைத் தூக்கி அடிவிரிப்பின் மடிப்புகளையும், டாஷ்போர்டின் பின்புறத்தையும், விளக்குகளின் உட்புறத்தையும் பாருங்கள். கியர்பெட்டியிலிருந்தும் பின் அச்சிலிருந்தும் சிறிது எண்ணெயை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அது பால் கலந்தாற்போல் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. அதற்காகவே வண்டியை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அடிப்பெட்டிகளின் உள்ளே தங்கிய ஈரச் சேறு மூடிய இடத்திலேயே தகட்டைத் தின்றுகொண்டிருக்கும் என்பதால், முதல் பதிலில் கூறிய சோதனைகளைப் புதுப் பெயிண்டின் மேலேயே செய்ய விற்பவர் சம்மதிக்க வேண்டும். சம்மதிக்காதவரிடம் வாங்காதீர்கள். பானெட்டின் அடியில், எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தடுப்புத் தகட்டில் வண்டி எண் இருக்கும். எஞ்சின் எண் பிளாக்கில் அறையப்பட்ட சிறு தகட்டில் இருக்கும். இரண்டையும் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பொருந்துவதைக் கண்ட பின்பே முன்பணம் கொடுங்கள்.