பதில்: வீட்டை வித்துக் குடுத்தே ஆகணுமா?

பிரதர், உங்க ஜெபக்குழு லீடர் எருசலேம்ல இருந்த ஆதி சபை, அதாவது முதல் கிறிஸ்தவங்க மாதிரி வீட்டை வித்துக் குடுங்கன்னு சொல்றார், இல்லைன்னா நிலம் வித்த காசு விஷயத்துல விழுந்து செத்துப்போன அனனியா கதிதான்னு பயமுறுத்துறார்னு எழுதியிருந்தீங்க. பைபிள்ல அப்போஸ்தலர் 5:4-ஐ நிதானமா ஒருக்கா படிங்க. விக்குறதுக்கு முன்னாடி நிலம் உன்னுதுதானே, வித்த பிறகும் காசு உன் கையிலதானே இருந்துச்சுன்னுதான் இயேசுவோட சீஷர் பேதுரு அனனியாகிட்ட கேக்குறார். அனனியாவும் அவர் மனைவி சப்பீராளும் மாட்டுனது காசை வச்சுக்கிட்டதுக்கு இல்ல, கொஞ்சத்தை ஒளிச்சு வச்சுட்டு இவ்வளவுதான்னு பொய் சொன்னதுக்கு. அதே சபையில இருந்த பர்னபா நிலத்தை வித்து கொண்டுவந்து வச்சார், சரி, ஆனா யாரும் அவரை மிரட்டி வாங்கல. அதே எருசலேம்ல மாற்கோட அம்மா மரியாள் வீடு விக்காம அப்படியே இருந்துச்சு, அங்கதான் நிறைய பேர் ஜெபத்துக்கு கூடுனாங்க, ஜெயில்ல இருந்து தப்பி வந்த பேதுரு தட்டுறார், ரோதைங்குற பொண்ணு சந்தோஷத்துல கதவைத் திறக்காமலே உள்ள ஓடிடுச்சே, அந்த வீடுதான்.

அப்புறம் ஆதி சபையில அப்படி வித்துக் குடுத்த காசு போனது தேவைப்பட்டவங்களுக்கு. கிரேக்க மொழி பேசுன விதவைகளை தினசரி பங்கீட்டுல விட்டுட்டாங்கன்னு முறுமுறுப்பு வந்ததும், சபையே 7 பேரைத் தேர்ந்தெடுத்துச்சு. உங்க குழுவுல கணக்கு யார் பாக்குறாங்கன்னு லீடர்கிட்ட கேளுங்க, அதுவரைக்கும் பத்திரத்துல கையெழுத்து போட்டுறாதீங்க.