மாலையில் மட்டும் படபடக்கும் ஸ்பீக்கர்: வீட்டு ஸ்டுடியோ, வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மாடி அறையில் பாடல் அமைக்கிறேன். காலையில் ஒழுங்காக ஓடும் நாற்பது டிராக் புராஜெக்ட், மாலை 4 மணிக்கு மேல் 'படபட'வென்று வெடிக்கிறது. கம்ப்யூட்டரை மாற்றிவிடச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?
– வாசகர், சத்துவாச்சாரி

அவசரப்படாதீர்கள். காலையில் ஓடுகிறதே, அதுவே கம்ப்யூட்டருக்குத் தெம்பு இருக்கிறது என்பதற்குச் சாட்சி. பகல் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட் தளம், மாலையில்தான் அந்தச் சூட்டை அறைக்குள் இறக்கும். ஃபேனும் ஹீட்சிங்க்கும் (சூட்டை உறிஞ்சிக் காற்றில் விடும் உலோகத் தகடுகள்) பிராசஸரை அறைக்காற்றின் வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோக முடியாது. 25 டிகிரி அறையில் 75 டிகிரியில் ஓடும் பிராசஸர், அதே வேலைக்கு 40 டிகிரி அறையில் 90-ஐத் தொடும். பெரும்பாலான பிராசஸர்களுக்கு எல்லை 95 முதல் 100 டிகிரி. அதை நெருங்கியதும் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கும்.

படம் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது. இசைக்குத்தான் தொல்லை. 44.1 கிலோஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 44,100 ஒலி மாதிரிகள் ஓடும்போது, பஃபர் (ஒரு தடவையில் கணக்கிடும் மாதிரிகளின் எண்ணிக்கை) 128 என்றால், ஒவ்வொரு 2.9 மில்லி செகண்டுக்குள்ளும் எல்லா பிளக்-இன் (ஒலியை உருவாக்கவும் மெருகேற்றவும் சேர்க்கும் துணை மென்பொருள்) கணக்கும் முடிந்தாக வேண்டும். ஒரு தடவை தவறினாலும் அங்கே ஒரு வெடிப்பு கேட்கும்.

முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். பிராசஸரின் வெப்பத்தையும் வேகத்தையும் காட்டும் 'எச்டபிள்யூஇன்ஃபோ' (HWiNFO) என்ற இலவச மென்பொருளைத் திறந்து வைத்து, அதே புராஜெக்டை மாலையில் அரை மணி நேரம் ஓட்டுங்கள். வெடிக்கும் நேரத்தில் வெப்பம் உச்சத்துக்கு ஏறி, க்ளாக் ஸ்பீடு சரிந்தால் சூடுதான் காரணம். வெப்பம் 70-லேயே நின்றும் வெடித்தால் ஆடியோ டிரைவரையோ வைஃபையையோ சந்தேகப்படுங்கள். ஃபேன் வாங்கிப் பயனில்லை.

சூடுதான் என்று தெரிந்தால், கேபினெட்டைச் சுவரிலிருந்து 15 செ.மீ. தள்ளி, தரையிலிருந்து அரை அடி உயர்த்தி வையுங்கள். முன்பக்கம் காற்றை உள்ளே இழுக்க இரண்டு 120 மி.மீ. ஃபேன், பின்பக்கம் வெளியே தள்ள ஒன்று. உள்ளே வரும் காற்று கூடுதலாக இருந்தால், தூசி இண்டு இடுக்கெல்லாம் நுழையாமல் முன்பக்க வலையிலேயே தங்கிவிடும். முடித்த டிராக்குகளை ஃப்ரீஸ் செய்யுங்கள், அதாவது பிளக்-இன்களோடு சேர்த்து ஆடியோவாகவே பதிந்து வையுங்கள். பிராசஸரின் வேலை குறைந்தால் சூடும் குறையும். மிக்ஸிங்கில் பஃபரை 512-க்கு ஏற்றலாம். அதனால் சூடு பெரிதாகக் குறையாது, மூச்சுவிட நேரம் கிடைக்கும். பாட்டு பதியும்போது மட்டும் 128 போதும்.

கேள்வி: ஃபேன் சத்தம் மைக்கில் விழுகிறது. அதனால் கேபினெட்டை மரப்பெட்டிக்குள் வைத்து, உள்ளே ஃபோம் ஒட்டி மூடிவிட்டேன். சரிதானே?
– வாசகர், குடியாத்தம்

இல்லை. ஃபோம் சத்தத்தை மட்டுமல்ல, சூட்டையும் வெளியே விடாது. வெளியே போன வெந்த காற்றையே ஃபேன் மறுபடி உள்ளே இழுக்கும். சூடு ஏற ஏற ஃபேன் இன்னும் வேகமாகச் சுற்றும். கடைசியில் எந்தச் சத்தத்துக்குப் பயந்தீர்களோ அதுவே கூடும்.

பெட்டிதான் வேண்டும் என்றால் கீழே ஒரு திறப்பு, மேலே பின்பக்கம் ஒரு திறப்பு வையுங்கள். இரண்டு 120 மி.மீ. ஃபேன்களின் வட்டப் பரப்பு சுமார் 226 சதுர செ.மீ. ஒவ்வொரு திறப்பும் அதைப் போல இரு மடங்காவது, அதாவது 15-க்கு 30 செ.மீ. இருக்கட்டும். காற்று நேராக வெளியேறாமல் இரண்டு இடத்தில் திரும்பும்படி பலகை வைத்து, அந்தத் திருப்பங்களில் மட்டும் ஃபோம் ஒட்டுங்கள்.

என்னைக் கேட்டால் பெட்டியே வேண்டாம். சுவரில் ஒரு துளை போட்டு கேபினெட்டை அடுத்த அறைக்கு மாற்றிவிடுங்கள். யுஎஸ்பி 2.0 கேபிள் 5 மீட்டர் வரை தாங்கும், மைக்கைக் கம்ப்யூட்டருடன் இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸுக்கு அது போதும். சத்தமும் சூடும் சேர்ந்தே வெளியேறும். சமையலறைப் பக்கம் மட்டும் வேண்டாம். எண்ணெய்ப் புகை ஹீட்சிங்க்கில் பிசுக்காய்ப் படிந்து, அதன்மேல் தூசி ஒட்டினால் எடுப்பது பெரும்பாடு. மாற்ற இடமில்லையா? முன்பக்கச் சத்தத்தையே அதிகம் பிடிக்கும் கார்டியாய்டு மைக்கின் முதுகைக் கேபினெட் பக்கம் திருப்பிப் பாடச் சொல்லுங்கள். அந்தப் பக்கம் அதற்குக் காது மந்தம்.

கேள்வி: அறையில் தண்ணீர் ஊற்றும் ஏர் கூலர் வைக்கலாமா?
– வாசகர், வாலாஜாபேட்டை

நம் பக்கத்துக் கத்திரி வெயில் வறண்டது, கூலர் நன்றாக வேலை செய்யும். ஆனால் ஜன்னல் திறந்திருந்தால்தான். ஸ்டுடியோவுக்காக எல்லாவற்றையும் அடைத்த அறையில் ஈரம் ஏறி, சற்று நேரத்தில் கூலர் குளிர்விப்பதையே நிறுத்திவிடும். ஈரத்தில் கண்டென்சர் மைக் கரகரக்கும், மிருதங்கத்தின் சுருதி இறங்கும். உப்புத் தண்ணீர் என்றால், துளி தெறிக்கும் இடத்தில் வெள்ளைப் படிவும் சேரும். கூலரை ஹாலில் ஓடவிட்டு, ஸ்டுடியோ கதவை இடைவேளைகளில் திறந்து வையுங்கள். ஏசி இருந்தால் 26 டிகிரி போதும்.

கேள்வி: தூசி தட்டுவது, தெர்மல் பேஸ்ட் மாற்றுவது எப்படி?
– வாசகர், ஆற்காடு

ஏப்ரலிலேயே முடித்துவிடுங்கள். மின் இணைப்பைப் பிடுங்கி, கேபினெட்டை வெளியே கொண்டுபோய் புளோயரால் ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். கண்டபடி சுற்றவிட்டால் பேரிங் போகும். கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியை வெளியிலிருந்து ஊதினால் போதும், திறக்கவே கூடாது. உள்ளே மின்சாரம் தேங்கியிருக்கும். பின்பக்க ஓட்டைகளுக்கு மெல்லிய வலை போட்டால் பல்லியும் நுழையாது.

தெர்மல் பேஸ்ட் என்பது பிராசஸருக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் பசை. அது காய்ந்து, தூசி எடுத்தும் சூடு இறங்காவிட்டால் மட்டும் மாற்றுங்கள். ஹீட்சிங்க்கைக் கழற்றுவதற்கு முன் பத்து நிமிடம் கம்ப்யூட்டரை ஓட்டி அணையுங்கள். இளகிய பேஸ்ட் எளிதில் விடும், இல்லையென்றால் சில மாடல்களில் பிராசஸரும் சேர்ந்தே பிடுங்கிக்கொண்டு வரும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பழையதைத் துடைத்து, பிராசஸரின் நடுவில் பட்டாணி அளவு புதிய பேஸ்ட் வைத்து, ஹீட்சிங்க்கை மாட்டி, திருகுகளைக் குறுக்கும் மறுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். அதிகம் அப்பினால் அதிகம் குளிரும் என்று எண்ண வேண்டாம்.

கேள்வி: என்னிடம் லேப்டாப்தான்.
– வாசகர், ஆரணி

மெத்தையில் வைக்காதீர்கள். பின்பக்கத்தை 3 செ.மீ. தூக்கி வையுங்கள். விண்டோஸ் பவர் செட்டிங்கில் பிராசஸரின் உச்ச அளவை 99 சதவீதமாக்கினால் பெரும்பாலான லேப்டாப்களில் டர்போ (பிராசஸர் வழக்கத்தைவிடக் கூடுதல் வேகத்தில் ஓடுவது) நின்று சூடு சட்டென இறங்கும். வேகம் கொஞ்சம் குறையும், ஆனால் நடுவில் அறுந்து போகாது.