ஸ்கிரீனை விடுங்க தம்பி, குறட்டையைப் பாருங்க

34 வயசுலயே டிமென்ஷியா, அதாவது மறதி நோய், வந்துருச்சோன்னு பயந்து எழுதியிருக்கீங்க, அது இல்ல தம்பி. தீபாவளிக் கூட்டத்துல ஜவுளிக்கடை சிசிடிவி ரூம்ல ஒத்தையா பத்து ஸ்கிரீன் பாத்து திருடனைப் பிடிச்சுக் குடுத்தவருக்கு, கூட்டம் ஓஞ்ச அடுத்த வாரம் கண்ணு முன்னாடி ஒருத்தி சேலையை மடிச்சு பைக்குள்ள போட்டது தெரியலன்னா மூளை தேஞ்சுபோச்சுன்னு அர்த்தம் இல்ல. வேலை அதிகமா இருந்தப்போ மூளையும் முறுக்கிட்டு நின்னுச்சு, திடீர்னு ஒண்ணுமே நடக்காத ஸ்கிரீனைப் பாருன்னா தளரத்தான் செய்யும். ரெண்டாம் உலகப் போர்ல ரேடார் பாத்த பிரிட்டிஷ்காரங்களுக்கும் இதே பிரச்சனை, மாக்வொர்த்னு ஒரு மனோதத்துவ ஆராய்ச்சியாளர் கடிகார முள் மாதிரி ஒண்ணை ஓட விட்டு அது எப்பவாவது ரெட்டைத் தாவல் தாவினா சொல்லுங்கன்னு 2 மணி நேரம் உக்கார வச்சாரு, அரை மணி நேரத்துலயே தவற விட ஆரம்பிச்சுட்டாங்க, 1948ல எழுதி வச்சிருக்காரு. அதனால சூப்பர்வைசர்கிட்ட கேட்டு அரை மணிக்கு ஒரு தடவை ஆள் மாத்திக்கோங்க.

நெட்ல பத்து கேள்விக்கு டிக் அடிச்சு ஏடிஹெச்டின்னு, அதாவது சின்ன வயசுலயே ஆரம்பிக்கற கவனக் கோளாறுன்னு, முடிவு பண்ணியிருக்கீங்க, சின்ன வயசுல துளிகூட இல்லாதது தீபாவளிக்கு அப்புறம் புதுசா முளைக்காது. கண் இமை துடிக்கறதையும் விடுங்க.

கடைசி வரில போற போக்குல ஒண்ணு எழுதினீங்களே, அதுதான் எனக்குப் பகீர்னுச்சு. சிக்னல்ல வண்டில உக்காந்தபடியே கண்ணு சொருகி, பின்னாடி ஹாரன் அடிச்சப்புறம்தான் முழிச்சேன்னு, அதுவும் ரெண்டு தடவை! ராத்திரி குறட்டை நின்னு நின்னு வருதுன்னு வீட்டுல சொல்றாங்க, காலைல தலை கனக்குதுங்கறீங்க. இது கவனக்குறைவு இல்ல, தூக்கத்துல மூச்சு அடைபடுதான்னு பாக்கணும், ஸ்லீப் ஆப்னியான்னு சொல்லுவாங்க, தூங்கறப்போ மூச்சை அளந்து பாக்கற ஸ்லீப் ஸ்டடி பண்ணா தெரிஞ்சுரும், வைத்தியமும் இருக்கு. பிபியும் பாத்துருங்க.

அதுவரைக்கும் பைக்கைத் தொடாதீங்க, பஸ்ல போங்க. தூக்கம் வராம இருக்கன்னு ஃபிரண்டு குடுத்த மோடாஃபினில் மாத்திரையை இன்னைக்கே நிறுத்துங்க, டாக்டர் சீட்டு இல்லாம அதை எப்படித்தான் தைரியமா முழுங்குறீங்களோ, மூச்சு அடைக்கறதை அது சரி பண்ணாது, தூக்கத்தை மட்டும் மறைக்கும், பிபியையும் ஏத்தலாம்.

இந்த வாரமே காது மூக்கு தொண்டை டாக்டரையோ நுரையீரல் டாக்டரையோ பாருங்க. போகும்போது மனைவியையும் கூட்டிட்டுப் போங்க, மூச்சு எப்படி நிக்குதுன்னு பாத்தது அவங்கதான், முடிஞ்சா ராத்திரி ரெண்டு நிமிஷம் போன்ல வீடியோ எடுத்து வைக்கச் சொல்லுங்க.