ஒரே அறையில் மூன்று தரப்பினருக்கு எக்செல் பட்டறை

வணக்கம். ஆசிரியர்கள், அலுவலகப் பணியாளர்கள், மாணவர்கள் எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்து எக்செல் எடுத்தீர்கள். முதல் நாளே மாணவர்கள் சலித்துப்போய் செல்போனை எடுத்துவிட்டார்கள், பணியாளர்கள் பின்தங்கிவிட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். மீதி இரண்டு நாளைக் காப்பாற்றிவிடலாம், கவலைப்படாதீர்கள்.

பயிற்சிக்காக வைத்திருக்கும் மாதிரி எக்செல் ஃபைலை நாளைக்கு ஒதுக்கிவிடுங்கள். அலுவலகத்தில் தினமும் புழங்கும் பட்டியல் ஒன்றை, பெயர்களையும் போன் நம்பர்களையும் மாற்றிவிட்டு, கொடுங்கள். பதிவு எண் 00417 என்று அடிக்கச் சொல்லுங்கள். எக்செல் அதை 417 ஆக்கிவிடும். 16 இலக்க எண்ணை அடித்தால் கடைசி இலக்கம் 0 ஆகிவிடும், 15 இலக்கம் வரைதான் அது வைத்துக்கொள்ளும். அடிப்பதற்கு முன்பே அந்தக் கட்டங்களை 'டெக்ஸ்ட்' என்று மாற்ற வேண்டும்; அப்புறம் மாற்றினால் போன இலக்கம் திரும்பாது. இதைக் கண்ணால் பார்த்த பணியாளர் மறக்கவே மாட்டார். மாணவர்களில் பலருக்கும் இது புதிதாகத்தான் இருக்கும்.

ஒரு மாணவர், ஒரு பணியாளர் என்று ஜோடியாக உட்கார வையுங்கள். மவுஸ் பணியாளர் கையிலேயே இருக்கட்டும். மாணவர் வாயால்தான் சொல்ல வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மாணவர் கை மவுஸுக்குப் போய்விட்டால் பக்கத்தில் இருப்பவர் வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

பட்டியலில் வேண்டிய விவரத்தைத் தேடி எடுக்கும் எக்ஸ்லுக்கப் (XLOOKUP) சூத்திரத்தைச் சொல்லித்தருவதாக இருந்தால் முதலில் பதிப்பைப் பாருங்கள். எக்செல் 2019-லும் அதற்கு முந்தையவற்றிலும் அது கிடையாது, அதே வேலைக்கான பழைய சூத்திரமான விலுக்கப் (VLOOKUP) போதும்.

ஆசிரியர்களுக்கு மட்டும் கடைசி நாளில் ஒரு மணி நேரம் தனியாக ஒதுக்குங்கள். அவர்களுக்கு வேண்டியது மதிப்பெண் பட்டியல்.