ஈசிஜி நார்மல், ஆனாலும் படபடப்பு

கேள்வி: எனக்கு வயது 31. ஓராண்டாக மாதம் ஓரிரு முறை திடீரென நெஞ்சு படபடக்கிறது. நாடித்துடிப்பு 170-ஐத் தாண்டுகிறது. 20 நிமிடத்தில் அடங்கிவிடுகிறது. ஈசிஜி, எக்கோ, தைராய்டு எல்லாம் நார்மல். ‘டென்ஷன்தான்’ என்கிறார்கள். அடுத்து என்ன செய்வது?

பதில்: படபடப்பு அடங்கியபின் எடுத்த ஈசிஜி நார்மலாக இருப்பதில் வியப்பில்லை. அது சுமார் 10 விநாடித் துடிப்பை மட்டுமே பதிவு செய்கிறது. அதை வைத்து ‘டென்ஷன்’ என்று முடிவு கட்டக் கூடாது.

படபடப்பு எப்படித் தொடங்குகிறது, எப்படி முடிகிறது என்று கவனியுங்கள். சுவிட்ச் போட்டதுபோல் ஒரே நொடியில் தொடங்கி, அதேபோல் சட்டென்று நின்றால் எஸ்விடி என்னும் மின்சுற்றுக் கோளாறாக இருக்கலாம். இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்கு மின்தூண்டல் இறங்க, சிலருக்குப் பிறவியிலேயே ஒரு கூடுதல் பாதை இருக்கும். ஒரு பாதையில் இறங்கிய தூண்டல் மற்றதில் ஏறிச் சுற்ற ஆரம்பித்தால், துடிப்பு 150 முதல் 250 வரை எகிறும். கழுத்திலும் துடிப்பது தெரியும். அடங்கியபின் சிலருக்குச் சிறுநீர் அதிகம் போகும்.

மெல்ல ஏறி மெல்ல இறங்கினால் ரத்தசோகை, நீரிழப்பு, பதற்றம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஹீமோகுளோபின், உடலின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் இரண்டையும் எப்படியும் பரிசோதித்துவிடுங்கள். மூக்கடைப்பு மாத்திரை, ஆஸ்துமா இன்ஹேலர் பயன்படுத்தினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அவையும் துடிப்பைக் கூட்டும்.

மாதம் ஓரிரு முறை மட்டுமே வருவதால் 24 மணி நேரம் உடலில் அணிந்து ஈசிஜி பதிவு செய்யும் ஹோல்ட்டர் கருவியில் சிக்குவது அரிது. இரண்டு முதல் நான்கு வாரம் அணிந்து, படபடப்பு வரும்போது ஈசிஜியைப் பதிவு செய்யும் ஈவென்ட் ரெக்கார்டர் கேளுங்கள். ஈசிஜி வசதியுள்ள கைக்கடிகாரம் இருந்தால், படபடப்பின்போதே பதிவெடுத்துச் சேமியுங்கள். துடிப்பின் எண்ணிக்கை மட்டும் போதாது, அலைவரைவு வேண்டும். எதுவும் இல்லையென்றால், அடுத்த முறை தொடங்கியதுமே அருகிலுள்ள மருத்துவமனைக்கு யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் வண்டி ஓட்ட வேண்டாம். ஊசி போடும் முன்பே ஈசிஜி எடுக்கச் சொல்லி, நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஊசி போட்டுத் துடிப்பு இறங்கியபின் எடுத்தால், தேடிய தடயம் போய்விடும். வேகத் துடிப்பை நிறுத்தும் அடினோசின் ஊசி போடுகிறார்கள் என்றால், அது ஏறும்போதும் ஈசிஜி ஓடிக்கொண்டிருக்கட்டும்; வேகத் துடிப்பு நிற்கும் விதத்திலேயே எந்த வகைக் கோளாறு என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

அந்தத் தாளுடன் இதய மின்னியல் நிபுணரைப் பாருங்கள். எஸ்விடி உறுதியானால், பெரும்பாலானோருக்கு ரேடியோ அலை அப்லேஷன் (கோளாறான மின்பாதையை வெப்பத்தால் செயலிழக்கச் செய்யும் சிகிச்சை) மூலம் நிரந்தரத் தீர்வு கிடைக்கிறது.

மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் வந்தால் 108-ஐ அழையுங்கள். குடும்பத்தில் இளவயதில் யாராவது திடீரென இறந்திருந்தால், அடுத்த படபடப்புக்குக் காத்திராமல் இப்போதே நிபுணரிடம் போய்விடுங்கள்.